கடன் கவலைக்கு அல்பிரசோலமா?
கடன் நெருக்கடி, வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டில் ஓயாத சண்டை... தூக்கம் கெட்டால் உடனே 0.25 மி.கி. அல்பிரசோலம் மாத்திரை என்றாகிவிட்டது. மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி அது பதற்றத்தை அடக்கும். கடன் அப்படியேதான் இருக்கும்! சில வாரங்கள் தினமும் போட்டாலே உடல் பழகிவிடும், பிறகு அதே அளவு போதாது. பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்துவது இன்னும் ஆபத்து: தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் அல்பிரசோலம் அடங்கிய பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கியதே இதற்காகத்தான். மாதக்கணக்கில் எடுப்பவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5–10 சதவீதம் மட்டும் குறைத்துக்கொண்டே வரவேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். முதல் மருந்துச் சீட்டு வாங்கும்போதே, எந்தத் தேதியோடு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு அதிலேயே எழுதி வாங்குங்கள்.