நரம்புக் கட்டிகளும் எங்கள் ஊர்ப் பேச்சும்

என் பெறாமகளின் முதுகில் பால்தேநீர் நிறத்தில் இருந்த திட்டுகளைக் கிரகணக் குறையென்று கொக்குவில் உறவினர் சொல்லிக்கொண்டிருக்க, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில்தான் அவை முதலாம் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற நரம்புக்கட்டி நோயின் அடையாளம் என்று விளக்கினார்கள். 17ஆவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகு பழுதடைவதால், கலங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் குறைந்து, நரம்புகளில் கட்டிகள் உருவாகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஏறத்தாழ 3000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் பாதிப்பேருக்குப் பெற்றோர் எவரிடமும் இல்லாமலே புதிய விகாரமாக, அதாவது பரம்பரையலகில் புதிதாக ஏற்படும் மாற்றமாகத் தோன்றுகிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் தாய்வழியைப் பழிக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. இது தொற்றுவதுமில்லை. பருவமடையுமுன் 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ஆறு திட்டுகள் தெரிந்தால் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் கண்களையும் முள்ளந்தண்டையும் குருதி அமுக்கத்தையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.