பாப்பாவின் கண்கள்

ஜூன் 4

பாப்பாவுக்கு இன்றோடு இரண்டு மாதம். ஆதம்பாக்கத்தில் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. விசிறிக்கொண்டிருந்தபோது முகம் பார்த்துச் சிரித்தாள். அம்மா திருஷ்டி சுற்ற உப்பு எடுக்க ஓடினாள். நானோ மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்: என் கண்ணை எத்தனை நொடி பார்த்தாள்?

பெரியவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது வயது மூன்றரை. ஒன்றரை வயதிலேயே பெயர் சொன்னால் திரும்ப மாட்டான். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி இரண்டு வருஷம் இருந்துவிட்டோம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. மூத்ததற்கு இருந்தால் அடுத்ததற்கும் வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஜூன் 9

ராத்திரிப் பால் கொடுத்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அட்லாண்டாவில் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் செய்து, 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வைப் படித்தேன். ஒரு பெண் நேராகப் பார்த்துக் கொஞ்சிப் பேசும் வீடியோவைக் குழந்தைகளுக்குக் காட்டி, பார்வை எங்கே நிற்கிறது என்று கருவியால் அளந்திருக்கிறார்கள். 2 மாதத்தில் தொடங்கி 2 வயது வரை, திரும்பத் திரும்ப.

ஆட்டிசம் உள்ள குழந்தை ஆரம்பத்திலிருந்தே கண்ணைப் பார்க்காது என்றுதான் நினைத்திருந்தேன். முடிவு அதற்கு நேர்மாறு. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் 2 மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்திருக்கிறார்கள். 2லிருந்து 6 மாதத்துக்குள்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது. வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது, கருவிக்குத்தான் தெரியும் என்கிறார்கள்.

எழுந்து போய்ப் பழைய போனைச் சார்ஜ் போட்டேன். பெரியவனின் இரண்டாம் மாத வீடியோ. நேராக என்னைத்தான் பார்க்கிறான். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்.

ஜூன் 10

இன்று எண்ணவில்லை.

ஜூன் 21

பெரியவனைப் பேச்சுப் பயிற்சிக்கு முட்டுக்காடு கூட்டிப்போனேன். அங்கே மத்திய அரசு நிறுவனத்தில் சின்னக் குழந்தைகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. பயிற்சி தரும் அக்காவிடம் பாப்பாவைப் பற்றிக் கேட்டேன். "இப்ப எதையும் முடிவு பண்ணாதீங்கம்மா. ஒரு வயசுல பேருக்குத் திரும்புதா, விரல் நீட்டிக் காட்டுதான்னு பாருங்க. பதினாறு மாசத்துல, ஆட்டிசம் இருக்குமோன்னு பார்க்கிற எம்-சாட் கேள்வித்தாள் போடலாம். நடுவுல சந்தேகம் வந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

உடனே. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 6

எண்ணெய் தேய்க்கும்போது பாப்பா 'ஙா' என்றாள். பெரியவன் பக்கத்தில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினாறாவது மாதம் அடுத்த ஆகஸ்டில் வருகிறது. தினசரிக் காலண்டரில் அடுத்த வருஷம் ஏது? அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.