மேட்டூர் நீர்மட்டத்தை நான் கத்தரித்த கதை

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஓதம் உண்டு. திருவையாற்றுப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய வீடு. காவிரியில் தண்ணீர் வந்தால் நாலு நாளில் சுவருக்கும் வந்துவிடும். வெள்ளையடித்துப் பார்த்தாயிற்று, டைல்ஸ் ஒட்டிப் பார்த்தாயிற்று. போன வருடம் அது ஆட்டுக்கிடா மாதிரி இருந்தது. இந்த வருடம் அப்படியே இலங்கை.

ஒரு தஞ்சாவூர்ப் படம் வாங்கி மாட்டி மறைத்துவிடலாம் என்றேன். கணவர் கடையில் விலையைக் கேட்டுவிட்டு வந்து, "ஓதமே ஒண்ணும் அசிங்கமா இல்லையே" என்றார். சரி, நானே கொலாஜ் செய்கிறேன் என்று இறங்கினேன். இலை, கதிர், மண், துணி, பழைய காகிதம், பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சேர்த்து ஒட்டுவதுதானே, செலவே கிடையாது என்று வேறு சொல்லிவிட்டேன்.

பழைய அலமாரிக் கதவு பலகையாயிற்று. ஆடிப்பெருக்கன்று படித்துறைக்குப் போனபோது கோரை அறுத்து வந்தேன். கொல்லையிலிருந்து காய்ந்த வாழைப்பட்டை. பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய காதோலை கருகமணியையும் எடுத்து வைத்தேன். தஞ்சாவூரில் நெட்டி வேலை, அதாவது நெட்டி என்கிற நீர்ச்செடியின் வெள்ளைத் தண்டைச் செதுக்கிப் பொம்மை செய்கிற வேலை, செய்கிறவர் ஒருவர் செதுக்கிக் கழித்த நெட்டித் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கலையாயிற்றே, கழிவுக்கும் காசு கேட்பாரோ என்று பயந்துகொண்டே போனேன். பாவம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அரசிலையை நரம்பு மட்டும் நிற்கும்படி எடுக்க வேண்டும் என்று ஓர் ஆசை. வாளித் தண்ணீரில் மூன்று வாரம் ஊறினால் சதையெல்லாம் அழுகி, வலை போல நரம்பு மட்டும் மிஞ்சும். வாளியைக் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். இரண்டாம் வாரம் வீட்டில் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று கணவர் பரணைக் கவிழ்த்தார், மாடிக்கு ஏறி தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தார், பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் வீட்டு எலியா என்று கேட்டுச் சண்டைக்கும் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. இலை இன்னும் ஒரு வாரம் ஊற வேண்டியிருந்ததே!

அடுத்தது பசை. தஞ்சாவூர்ப் படத்துக்குப் பலகையில் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டியா?" என்றார். மறுநாள் காலை பலகையே தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது. புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் என்கிற நீல நிற விஷ உப்பைத் துளி கலப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உண்மையான வில்லங்கம் ஆற்றில் வந்தது. ஐயாறு என்று பேர் வைத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரே ஓர் ஆற்றை ஒட்டினால் நன்றாகவா இருக்கும்? ஐந்து ஒட்டினேன். வெறும் நீலம் அடிப்பதைவிட, செய்தித்தாளில் தினமும் வருகிற மேட்டூர் அணை நீர்மட்டப் பெட்டியைக் கத்தரித்து அடுக்கி, மேலே லேசாக நீலம் பூசினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. இன்றைக்கும் சொல்கிறேன், பிரமாதமான யோசனை. ஒரே ஒரு குறைதான். எங்கள் மாமனார் பேப்பரில் படிப்பதே அந்தப் பெட்டியைத்தான். 120 அடியில் எத்தனை அடி இருக்கிறது, நீர்வரத்து என்ன, வெளியேற்றம் என்ன என்று பார்த்த பிறகுதான் காபிக்கே கை நீளும்.

முதல் நாள் கத்தரித்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"நீர்மட்டம் எங்கம்மா?"

"குடமுருட்டியில ஒட்டிட்டேன் மாமா."

பேசாமல் எழுந்து போய்ப் பலகை முன்னால் நின்றார். நெடுநேரம் பார்த்தார். கலையில் லயித்துவிட்டார் என்றே நினைத்தேன். "வெட்டாத்தைக் கொண்டுபோய் வெண்ணாத்துக்குத் தெற்கே ஓட விட்டிருக்கியே. தஞ்சாவூர்லேருந்து வர்றப்ப வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னுல்ல தாண்டணும்?" என்றார். பிய்த்து மாற்றி ஒட்டினேன். மறுநாளிலிருந்து பேப்பரை அவர் படித்து முடித்த பிறகே எனக்குத் தந்தார், கத்தரிக்கோலோடு.

கரையெல்லாம் வயல். வாய்க்கால் வண்டலைப் பசையோடு குழைத்துப் பூசி, அதில் நெல்மணிகளை வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை பதித்தேன். குதிரில் இருந்த நெல், நன்றாகப் பருமனாக இருந்தது. வண்டல் சட்டென்று காய்ந்தால் வெடிக்குமே என்று ஈரச்சாக்கைப் போர்த்தி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து, மூன்று நாள் மூலையில் சாய்த்து வைத்திருந்தேன்.

நாலாம் நாள் சாக்கை எடுத்தால், வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. சில இடத்தில் பச்சை கூட எட்டிப் பார்த்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமனார் ஓடி வந்தார். "அடிப்பாவி, சம்பாவுக்கு வச்சிருந்த விதைநெல்லுல்ல இது!" சி.ஆர்.1009, நூற்றைம்பது நாளைத் தாண்டி நிற்கிற ரகம், இப்போது நாற்றங்காலுக்குப் போகாவிட்டால் காலம் தவறிவிடும். கோபமாகக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கேட்டார். விரலை வைத்து வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

"எண்பத்தாறு" என்றார் கடைசியில். முகம் மலர்ந்திருந்தது. "நூத்துக்கு எண்பது முளைச்சாலே போதும். நானே ஈரத்துணியில முடிஞ்சு பார்க்கணும்னு இருந்தேன்." அன்று மாலையே விதையை ஊறப் போட்டார். எப்போதும் மறந்துவிடுகிறவர் என்பதால் கையோடு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் இரண்டு நாள் உட்கார்ந்து பூசிய ஆகாயத்தின் மூலையில் 'விதை 86 ஆவணி 9' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

முளையெல்லாம் தானாகக் காய்ந்து பழுப்பாகி, பார்க்க அறுவடை முடிந்த வயல் மாதிரி ஆகிவிட்டது. படம் இப்போது கூடத்தில்தான் தொங்குகிறது. இலங்கை மறைந்துவிட்டது, ஒரு ஓரமாக யாழ்ப்பாணம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்து, மூலையில் இருக்கிற பேரைப் படித்துவிட்டு, நேரே மாமனாரிடம் திரும்பி, "உங்களுக்குள்ள இப்படி ஒரு திறமையா!" என்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை.