பத்துப் பாத்திரமும் ஐஸ்கிரீமும்

செப்டம்பர் 14, சவுத் ஹாட்லி, அமெரிக்கா

டைனிங் ஹால் வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. மெஷினிலிருந்து ஆவி பறக்க வரும் தட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் வெந்துபோகிறது. வீடியோ காலில் காட்டினேன். “பத்துப் பாத்திரம் தேய்க்கவா பிளேன் ஏறிப் போனே?” என்றாள் அம்மா.

கூட வேலை பார்க்கும் சீனியர், “கவிஞர் எமிலி டிக்கின்சனே இங்கே கத்தி கழுவினவர்தான்” என்றாள். அளக்கிறாள் என்று நினைத்து லைப்ரரியில் தேடினேன். நிஜம்தான்! 1847-48ல் இதே மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் படித்திருக்கிறார். காலையும் மதியமும் முதல் வரிசை மேஜைகளின் கத்திகளை எடுத்துப்போவது, ராத்திரி அத்தனையையும் கழுவித் துடைப்பது தன் பங்கு என்று தோழிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 21

மேரி லயனைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வயதில் அப்பாவை இழந்த விவசாய வீட்டுப் பெண். பச்சை வெல்வெட் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வசூல் செய்து இந்தக் கல்லூரியைக் கட்டியிருக்கிறார். 6 சென்ட் கொடுத்தவர்களும் உண்டு. அப்போது சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60 டாலர். வேலைக்கு ஆள் வைத்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால் ரொட்டி சுடுவது முதல் பாத்திரம் கழுவுவது வரை மாணவிகளே பார்த்தார்கள்.

பெண்களுக்கு வீட்டு வேலை பழக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரில் பேசினார்களாம். லயன் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதையெல்லாம் அம்மாக்கள் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கட்டும் என்றுவிட்டார். அவர் வகுப்பில் நடத்தியது வேதியியல்.

அக்டோபர் 2

காலை ஏழு மணிக்கு மணியடித்தது. மவுண்டன் டே! வகுப்பெல்லாம் ரத்து, எல்லோரும் மலையேறலாம். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள். நம்மூர் மழை லீவு மாதிரி ஹாஸ்டலே அலறியது. கல்லூரிக்குப் பெயர் தந்த மலைமேல் ஏறினோம். 1838லிருந்து நடக்கிறது. உச்சியில் ஐஸ்கிரீம், கீழே கனெக்டிகட் ஆறு. எழுதாத கெமிஸ்ட்ரி டெஸ்ட்டை நினைத்து இன்னொரு கப் வாங்கினேன்.

நவம்பர் 8

இன்று நிறுவனர் நாள். விடியும் முன்னே எழுப்பிவிட்டார்கள். வளாகத்துக்குள்ளேயே, இரும்புக் கம்பி வேலிக்குள் மேரி லயன் கல்லறை. அதன் பக்கத்தில் வரிசையில் நின்றால் பெரியவர்கள் ஐஸ்கிரீம் அள்ளி வைக்கிறார்கள். குளிரில் கப்பைப் பிடிக்கவே கை வரவில்லை.

1837ல் இதே தேதியில்தான் சுமார் 80 பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கட்டடம் பாதிதான் முடிந்திருந்தது, வாசலுக்குப் படிகூட இல்லை. கல்லூரி நடத்த வந்த கனவான்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

“சமாதிகிட்ட நின்னு ஐஸ்கிரீமா? சரி, ரூமுக்கு வந்ததும் தலைக்குக் குளிச்சியா?”