கழுத்து இறக்கம் ஆறு இஞ்ச்

நாகர்கோவிலில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். போர்டில் ‘டிசைனர் பொட்டிக்’ என்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் தையல் கடை என்றுதான் சொல்கிறார்கள். ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ முடித்த கையோடு அளவெடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தேன். இப்போது பிளவுஸோ கவுனோ, என்ன கழுத்து, என்ன கை, எங்கே ஆரி ஒர்க் என்று கஸ்டமரிடம் பேசி முடிவுசெய்வது என் பொறுப்பு. வெட்டுவது மாஸ்டர். இடலாக்குடிக்காரர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபிறகுதான் பட்டில் கத்திரி வைப்பார். நான் விலை கூடின துணியைத் தொடும் முன் சிலுவை போட்டுக்கொள்வேன். ஓனர் அக்கா காலையில் சாமி படத்துக்குச் சூடம் காட்டுவார். வெட்டின துணி ஒட்டாது என்கிற பயம் மூன்று பேருக்கும் பொது.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் பார்க்கக் கோயில் காலண்டரும் தெரிந்திருக்க வேண்டும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கத்தோலிக்கர்கள் வழக்கமாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் எங்களுக்கு ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். ஈஸ்டருக்கு அடுத்த வாரக் கல்யாணங்கள் எல்லாம் தவக்காலத்தில்தான் எங்கள் மேசையில் கிடக்கும். வெளியே சிலுவைப் பாதை நடக்கும், உள்ளே நாங்கள் கவுன் விரிந்து நிற்க அடியில் கேன்கேன் நெட் வைத்துக்கொண்டிருப்போம். மே மாதம், முதல் முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை ஃபிராக். ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் காவி. நவம்பர் 24-இல் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறினால், டிசம்பர் 3 வரை “திருவிழாவுக்குள்ள வேணும் மக்ளே” என்ற ஒரே வார்த்தைதான்.

திரைச்சீலைக்குப் பின்னால், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று: “பின்கழுத்து இறக்கம் எவ்வளவு வைக்கட்டும்?” சாதாரண பிளவுஸுக்கு 6 இஞ்ச் என்றால் பிரச்சினையே இல்லை. 9, 10 என்று போனால் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு கூட்டமே வந்து நிற்கும். அம்மா சம்மதிக்க மாட்டாங்க. மாமியார் ஏதாவது சொல்வாங்க. ஃபாதர் பூசையில் பேசுவார். அவருக்குப் பிடிக்கும், ஆனா அவங்க அக்காவுக்குப் பிடிக்காது. உனக்கு என்ன வேணும் என்று கேட்டால் மட்டும் பதில் வர நேரமாகும். ஒருத்தி யோசித்துவிட்டு, “எனக்குக் குளிராம இருந்தா போதும், மண்டபம் ஏசி” என்றாள். இந்த வேலையில் நான் கேட்ட மிக நேர்மையான பதில் அது.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு அம்மாவும் மகளும் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளியூரில் வாங்கியது, கையில்லாதது. அவர்கள் பங்குக் கோயிலில் கையில்லாத உடை போட்டுப் பீடத்துக்கு முன் வரக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். “கை மட்டும் வச்சுத் தந்தா போதும் பிள்ளே” என்றார் அம்மா, ஏதோ பட்டன் வைக்கிற மாதிரி. கவுன் வெறும் வெள்ளை இல்லை, லேசான பால் நிறம். கடைவீதி முழுக்க அலைந்தும் அந்த நிறத்தில் நெட் கிடைக்கவில்லை. கடைசியில் வெள்ளை நெட்டை டீத்தூள் வடித்த தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் காயவைத்து, நிறத்தைக் கொண்டுவந்தோம். நேராக வெட்டப் போன என்னை மாஸ்டர் தடுத்தார்: “நெட்டை நேரா வெட்டுனா பொண்ணு கையைத் தூக்க மாட்டா. கிராஸ்ல போடு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும்ல?” கவுனின் அக்குள் வளைவைப் பிரித்து, உள்ளே ஒரு துண்டு வைத்து, முழங்கை வரை கை தைத்தோம். நன்றாகவே வந்தது. மாஸ்டர் தூர நின்று பார்த்து “கொள்ளாம்” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

அந்தப் பெண்ணுக்குக் கவுனைப் போட்டுப் பார்க்கும்போது அம்மா நகைப் பெட்டியையும் திறந்தார். கழுத்து முழுக்க எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஆரம், நெக்லஸ், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. நாங்கள் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நெட் கை இரண்டும் அந்த மினுமினுப்பில் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த அம்மாவின் சொந்த பிளவுஸுக்கு ஆரி ஒர்க் கூலி மட்டுமே என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இதில் எதையும் எந்தப் பலகையும் கேட்கப் போவதில்லை.

கொஞ்ச நாளில், பங்கின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில், பைபிளிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும் என்று மேற்கோள் காட்டுவார்களே, அந்தப் பகுதிதான். தையற்காரியாக அதைக் கவனித்துக் கேட்டேன். கை நீளமோ கழுத்து இறக்கமோ அதில் இல்லை. வேண்டாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சடைப் பின்னல், தங்கம், முத்து, விலையுயர்ந்த ஆடை. பேதுருவின் முதல் திருமுகம் 3-ஆம் அதிகாரமும் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் சொல்கிறது. நான் இதை எடுத்துச் சொன்னதும் ஒரு பெரியம்மா தாலிச் செயினைச் சரிசெய்துகொண்டே, “அது அந்தக் காலத்து ஊருக்குச் சொன்னது மக்ளே” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து, இப்போது பிள்ளைகள் கோயிலுக்கு லெக்கின்ஸ் போட்டு வருவது பற்றிப் பேச்சு திரும்பியது. அது மட்டும் இந்தக் காலத்து ஊருக்கு.

திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்விப் புத்தகமும் இஞ்ச் கணக்கு எதுவும் தருவதில்லை. 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2521 முதல் 2524 வரையான எண்கள் அடக்கத்தைப் பற்றியவை. அடக்கத்தின் வடிவம் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று அதுவே ஒத்துக்கொள்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் கோயிலில் தலையை மூட வேண்டும் என்று இருந்தது; 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. என் பாட்டிக்கு இரண்டு சட்டமும் தெரியாது. கோயில் வாசல்படி ஏறும்போது சேலை முந்தானை தானாகத் தலைக்குப் போய்விடும். அண்மையில் ஒரு கல்லூரிப் பெண் வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டி, கறுப்பு லேஸில் தலைச்சீலை தைத்துக் கேட்டாள். ஆசையாகத்தான் தைத்துக் கொடுத்தேன். ஓரத்துக்கு ஸ்காலப் லேஸ் வளைத்துத் தைப்பது கண்ணுக்குச் சுகமான வேலை. அந்தப் பக்கங்களை நானும் பார்ப்பதுண்டு. நீளப் பாவாடை, லினன் சட்டை, வெயிலில் நடக்கும் படங்கள், எல்லாம் அழகு. விலையைப் பார்த்தால், அந்த எளிமைக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

உடையை அளக்கிறவர்கள் மேல் எனக்குள்ள சந்தேகத்துக்கு இந்த மண்ணும் ஒரு காரணம். இந்த மாவட்டம் அன்று திருவிதாங்கூர். நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய ஒழுங்கு. கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 1814-இல் ஆங்கிலேய அதிகாரி கர்னல் மன்றோ உத்தரவிட்டார். சட்டை மட்டும் போதாது, தோள்சீலையும் போடுவோம் என்று பெண்கள் நின்றார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்து அவர்கள் துணியைக் கிழித்தார்கள், பள்ளிகளையும் கிறிஸ்தவக் கோயில்களையும் எரித்தார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும், மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது என்று நிபந்தனை. முன்னால் நின்று அடிபட்டவர்கள் பெரும்பாலும் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பெண்கள். கத்தோலிக்கச்சி நான் அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது. ஆனால் காட்டச் சொன்னதும் மறைக்கச் சொன்னதும் இங்கே ஒரே அதிகாரக் குரல்தான் என்று எனக்குத் தோன்றும். நீ எந்த இடத்தில் இருக்கிறாய் என்பதை உன் துணி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. இன்று அந்த வேலையைப் பவுன் செய்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் நான் எப்படியும் உடுத்தலாம் என்கிற கட்சி என்று நினைப்பார்கள். இல்லை. எனக்கு முழங்கை தாண்டிய கையும், குனிந்தால் திறக்காத கழுத்தும் வேண்டும். நாள் முழுக்கக் கட்டிங் மேசையில் குனிந்து நிற்கிறவளுக்கு அது இல்லாமல் சரிப்படாது. ஷால் போடுவதில்லை, பவர் மெஷின் சக்கரத்தில் மாட்டினால் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். அதற்குப் பதிலாக நெஞ்சுப் பகுதியில் இரட்டைத் துணி வைத்து எனக்கு நானே குர்தா தைத்துக்கொள்கிறேன். “ஷால் போடலியா பிள்ளே?” என்று கேட்கிற அத்தைமார்களுக்கு மெஷினைக் காட்டுவேன். காலையில் அதை மாட்டினால் இரவு வரை உடம்பைப் பற்றிய நினைப்பே வராது. மத்தியானம் கோயில் மணி அடிக்கும்போது மூவேளை செபம் சொல்ல ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்துவேன். அப்போதும் துணியை இழுத்துவிட்டுக்கொள்ளும் வேலை இல்லை.

அதே மறைக்கல்வி நூல், அடக்கம் என்பது மற்றவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்பதையும் ஆளுகிறது என்கிறது. என் வேலையை மாற்றியது அந்த வரி. முன்பெல்லாம் கடைகளில் அளவை உரக்கச் சொல்வதுதான் பழக்கம். திரைக்குள்ளிருந்து “இடுப்பு நாப்பத்தி ரெண்டு” என்று ஒருத்தி கத்த, வெளியே இன்னொருத்தி எழுதுவாள். காத்திருக்கும் பாதிப் பேர் கேட்பார்கள். உள்ளே நிற்கிற பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அதனாலேயே அளவு தப்பும். இப்போது நான் வாய் திறக்காமல் சீட்டில் எழுதி, மடித்து, மாஸ்டர் மேசையில் வைத்துவிடுகிறேன். “போன தடவைக்கு இப்ப வெயிட் போட்டுட்டீங்க” என்பதையும் விட்டுவிட்டேன். பழைய அளவு பிளவுஸைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஓனர் அக்காவோடு சின்ன இழுபறி ரீல்ஸ் விஷயத்தில் வந்தது. கஸ்டமர் போட்டுப் பார்க்கும்போது முதுகுப் பக்கம் போட்டோ எடுத்துப் போட்டால் ஆர்டர் வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், வரும். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். இப்போது பொம்மைக்கு மாட்டித்தான் அதிகம் எடுக்கிறோம். லைக் குறைவு.

அண்மையில் ஒரு மணப்பெண் வந்தாள். டெல்லியில் நர்ஸ். பின்கழுத்து 10 இஞ்ச், பின்னால் முடிச்சு, குஞ்சம் எல்லாம் வேண்டும். டிரையலுக்குப் போட்டுப் பார்த்தபோது முதுகில் பழுப்பு நிறக் கயிற்றில் ஒரு சின்னத் துணிச் சதுரம் தொங்கியது. மாதா பக்தர்கள் கழுத்தில் எப்போதும் மாட்டியிருக்கும் கார்மேல் மாதா உத்தரியம். உழைத்து உழைத்து ஓரம் நைந்திருந்தது. “இதைக் கழத்த மாட்டேன். கழுத்தையும் குறைக்க மாட்டேன்” என்றாள். வெளியே இருந்த அவள் அத்தை, இரண்டில் ஒன்றை விடு என்றார். எனக்கு அவள் பக்கம்தான் மனசு போயிற்று. பக்தி இருக்கிறவள் இப்படித்தான் இருப்பாள் என்று நாம் மனதில் தைத்துவைத்த அளவுக்கு அவள் அடங்கவில்லை. 1910-இலேயே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் உத்தரியத்துக்குப் பதில் பதக்கம் அணியலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் இயேசுவின் திருஇருதயம், மறுபக்கம் மாதா இருக்க வேண்டும். அதைச் சொன்னேன். பதக்கம் வாங்கி வந்தாள். முன்பக்கம் லைனிங்குக்கு உள்ளே, இடது நெஞ்சுப் பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவில் சின்னப் பை தைத்து, விழாமல் இருக்க ஒரு கொக்கி வைத்தேன். கூலி வாங்கவில்லை. இப்போது அந்தப் பை கேட்டு வேறு பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருத்தி அதில் லிப்ஸ்டிக் போகுமா என்று கேட்டாள்.

வீட்டில் இப்போது என் கல்யாணப் பேச்சு. சேலைதான், கவுன் இல்லை. வெளிர் சந்தன நிறம், பிளவுஸ் கை முழங்கை வரை, பின்கழுத்து 6 இஞ்ச், தலைக்கு நெட். இது முடிவாக ஒரு தேநீர் நேரம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி. அடுத்து, நகை ஒரு செயினும் கம்மலும் போதும் என்றேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவங்க வீட்டு ஆளுக எல்லாம் முன்பெஞ்சில இருப்பாங்க பிள்ளே. வெறுங்கழுத்தா நின்னா என்னன்னு நெனைப்பாங்க?”

“அடக்கமான பிள்ளைன்னு நெனைப்பாங்க” என்றேன்.

“அப்படி ஒருத்தரும் நெனைக்க மாட்டாங்க” என்றார் அம்மா. அவர் சொல்வது உண்மை. அப்பா யார் பக்கமும் பேசவில்லை, நகைக்கடைச் சீட்டு இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டியிருக்கிறது.