கொம்பு முதலா, எழுத்து முதலா?

1981ல் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை அச்சுக்கோக்கும் ஆளாகச் சேர்ந்தேன். ஆறு மாதம் அச்சுக்கோக்கவே விடவில்லை, அச்சடித்து முடித்த பாரத்தை (கோத்து வைத்த பக்கங்களை)ப் பிரித்து ஈய எழுத்துகளைக் கேஸ் என்ற அறைகள் கொண்ட தட்டில் அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் வேலை. கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும், ண எது ன எது என்று விரலுக்குப் பிடிபடும்வரை வேலை கற்றுத்தந்த அண்ணாச்சி பக்கத்திலேயே நிற்பார்.

அந்தக் கேஸில் சில அறைகளை யாரும் தொடுவதில்லை. தும்பிக்கை தூக்கிய பழைய லை, ளை, சுழித்த றா, னா எல்லாம் தூசியோடு கிடந்தன. பெரியார் 1935லேயே குடி அரசில் கொண்டுவந்த சீர்திருத்தம் 1978ல்தான் அரசாணையாகி 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. "அறை குறைஞ்சா கை வேகமாப் போகும் தம்பி" என்பார் அண்ணாச்சி. எதில் எழுதுகிறோமோ அதற்கேற்ப எழுத்தும் வளையும் என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும். குறில் எ, ஒ-வுக்கு அடையாளமே அந்தப் புள்ளிதான், அது இல்லாததால் குறில் நெடில் பிரியாது, 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் பார்வைக்கு ஒன்றுதான், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த வீரமாமுனிவர். உ.வே.சா. அப்படிப்பட்ட புள்ளியில்லாத ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஒரு புள்ளிக்காக அவர் எத்தனை ஏட்டைப் புரட்டியிருப்பார் என்று ப்ரூஃப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

1996ல் எங்கள் ட்ரெடில் அச்சு இயந்திரம் போனது, ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். நான் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபிக்கு மாறினேன், பாமினி எழுத்துரு. அதில் ஒரு சௌகரியம், 'கெ' வேண்டுமென்றால் அச்சுக்கோக்கும் ஸ்டிக்கில் வைத்த மாதிரியே கொம்பை (ெ) முதலில் அடித்துவிட்டு அப்புறம் க அடிக்கலாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வந்தபோது அது தலைகீழானது, முதலில் க, பிறகுதான் உயிர். பதினைந்து வருஷப் பழக்கம், விரல் கேட்கவே இல்லை, ஒரு மாதம் ஆனது.

இப்போது செய்வது பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை. போன வாரம் ஒரு கிராம வரலாற்றுக் கையேடு வந்தது, எழுதியவர் இறந்துவிட்டார், கோப்பை அவர் மகன் ஒரு பழைய கணினியிலிருந்து எடுத்திருக்கிறார். பாமினி எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சுப் புத்தகத்தை யாரும் எடுத்து வாசிக்கலாம், இருபத்தைந்து வருஷத்துக் கோப்புக்கு ஆள் தேவைப்படுகிறது, இது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. மாற்றித் தரும் நிரல் இருக்கிறதுதான், ஆனால் இதில் கொம்பு சில இடங்களில் பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது, ஊர்ப்பெயர்களில் அப்படி ஆனால் கண்டுபிடிக்க அகராதியும் உதவாது. நல்லவேளை, மகனிடம் அச்சான பிரதி ஒன்று இருந்தது. அதை மேஜையில் விரித்து வைத்து வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 212 பக்கம், இன்று காலை 140க்கு வந்திருக்கிறேன்.