வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தபோது

வெப்ப இயக்கவியலில் வரும் என்ட்ரோப்பி என்றாலே 'ஒழுங்கின்மை' என்றுதான் பலரும் பாடத்தைத் தொடங்குகிறார்கள். அந்த விளக்கம் இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் ஆய்வுகளுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கருத்து பிறந்த இடம் நீராவி எந்திரத்தின் வரவு செலவுக் கணக்கு. அங்கிருந்து வந்தால் சட்டென்று பிடிபடும்.

ஓர் எந்திரத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாம் என்று 1824-ல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ ஆராய்ந்தார். மேட்டிலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுகிறது, ஆனால் நீர் குறைவதில்லை. அதேபோல 'கலோரிக்' என்ற வெப்பப் பாய்மமும் குறையாமல் குளிர்ந்த பக்கத்துக்கு இறங்குகிறது என்பது அவர் கணிப்பு. 1840-களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் செய்த சோதனைகள் அதைத் தகர்த்தன. கிடைத்த வேலையின் அளவுக்கு வெப்பம் குறைந்தே தீரும்.

அப்படியானால் குறையாமல் இறங்குவது எது? ஜெர்மன் இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 1854-ல் அதைப் பிடித்தார். 500 கெல்வினில் 1000 ஜூல் வாங்கி, 300 கெல்வினில் கழிவு வெப்பத்தைத் தள்ளும், உராய்வு போன்ற இழப்பே இல்லாத லட்சிய எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வேலை 400 ஜூல், கழிவு 600 ஜூல். வெப்பம் சமமாக இல்லை. ஆனால் 1000-ஐ 500-ஆல் வகுத்தால் 2. 600-ஐ 300-ஆல் வகுத்தாலும் 2! கார்னோவின் உள்ளுணர்வு வீண்போகவில்லை, அவர் எண்ணிய பொருள்தான் வேறு.

உராய்வுள்ள எந்திரம் 300 ஜூல் வேலைதான் தருகிறது என்று வையுங்கள். கழிவு 700, 300-ஆல் வகுத்தால் 2.33. கூடுதலாக முளைத்த 0.33-ஐ 300-ஆல் பெருக்கினால் 100 ஜூல் வரும். நாம் இழந்த வேலை மிகச் சரியாக அதுவே. எந்திரமே இல்லாமல் 1000 ஜூலும் நேராகக் குளிர்ந்த பக்கத்துக்குக் கடந்துபோனால், 1000-ஐ 300-ஆல் வகுக்க 3.33, அதாவது 1.33 கூடும், 400 ஜூலும் போச்சு.

இங்கே மாணவர்கள் வழுக்குவது செல்சியஸில். 227, 27 என்று போட்டு வகுத்தால் 4.4-உம் 22.2-உம் வரும், கணக்கே கலைந்துவிடும். தனிச் சுழியிலிருந்து அளக்கும் தனி வெப்பநிலை, அதாவது கெல்வின், கட்டாயம்.

வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துக் கிடைக்கும் இந்த அளவுக்கு 1865-ல்தான் கிளாசியஸ் பெயர் வைத்தார். உருமாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, 'எனர்ஜி'யின் சாயல் வரும்படி வேண்டுமென்றே 'என்ட்ரோப்பி' ஆக்கினார். பெயர் உடனே குழப்பத்தில் மாட்டியது. 1868-ல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டெய்ட் அதை நேர்மாறாக, வேலைக்குப் பயன்படும் ஆற்றல் என்ற பொருளில் கையாண்டார். 1871-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லும் வெப்பம் பற்றிய தம் நூலில் அப்படியே எழுதி, பிந்தைய பதிப்பில் திருத்தினார். அந்த முதல் பதிப்பைப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.